தோலுக்கு அடியில் ஒரு பாதை: புணே, 1793

சென்ற மாதம் புணேயில் நடந்த ஒரு பயிலரங்கில், அறுவை மருத்துவக் கருவிகளின் வரலாறு குறித்து அரைமணி நேரம் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. பேசி முடித்ததும் ஓர் இளம் நரம்பியல் அறுவை மருத்துவர் என்னை மேசைக்கு அழைத்துச் சென்று, ஒரு கம்பியைக் கையில் கொடுத்தார். முழங்கையைவிட நீளமான, மெல்லிய எஃகுக் கம்பி. ஒரு முனையில் கைப்பிடி, மறுமுனை மொட்டை. மருத்துவர்கள் அதனை டன்னலர் என்கிறார்கள். மூளைக்குள் பொருத்திய மின்முனையிலிருந்து வரும் லீடு என்னும் மின்கம்பியை, காதுக்குப் பின்னால், கழுத்து வழியாக, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கப்படும் மின்கலப் பெட்டிவரை கொண்டுசேர்க்கும் கருவி அது. தலையில் ஒரு சிறு கீறல், மார்பில் ஒரு சிறு கீறல். இடைப்பட்ட தொலைவு முழுவதும் தோலுக்கு அடியிலேயே கடக்கப்படுகிறது.

"முனை ஏன் கூராக இல்லை?" என்று கேட்டேன். "கூர்முனை புதிதாக ஒரு வழியை வெட்டும். அந்த வழியில் இரத்தக் குழாய் இருக்கலாம், நரம்பு இருக்கலாம். மொட்டைமுனை ஏற்கெனவே இருக்கும் வழியைத் தேடிப் போகும்" என்றார் அவர். கைக்குத் தெரிய வேண்டியது ஆழம் மட்டுமே என்றும் சொன்னார். மேலே போனால் தோல் மெலிந்து, நாளடைவில் அழுகி, கம்பி வெளியே எட்டிப் பார்க்கும். கீழே போனால் கழுத்தின் பெரிய குழாய்கள். இரண்டுக்கும் நடுவே, தோலையும் தசையையும் பிரிக்கும் தளர்ந்த திசுவடுக்கில் கம்பி செல்ல வேண்டும்.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பும்போது ஓர் எண்ணம் எழுந்தது. அந்த அடுக்கை அறிந்த ஒரு கை இதே புணே நகரின் அருகில் 230 ஆண்டுகளுக்கு முன்பு வேலை செய்திருக்கிறது. அந்தக் கையின் வேலை அச்சில் பதிவாகியிருக்கிறது. உரியவரின் பெயர் பதிவாகவில்லை. மருத்துவ வரலாற்று மாணவர் பலரும் கேள்விப்பட்ட நிகழ்வுதான். ஆயினும் நாம் அதனை வழக்கமாகச் சொல்லும் முறையில் இரண்டு பிழைகள் இருப்பதாகக் கருதுகிறேன். அவற்றைப் பற்றியே இப்பதிவு.

முதலில் ஆவணம். லண்டனில் வெளிவந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்னும் மாத இதழின் 1794 அக்டோபர் வெளியீட்டில் ஒரு கடிதம் அச்சாயிற்று. கையொப்பம் 'பி. எல்.' என்னும் இரண்டு எழுத்துகள் மட்டுமே. கடிதத்துடன் ஒரு செதுக்குப் படமும் இருந்தது. தலைப்பாகையணிந்த ஒருவரின் முகம், நெற்றியில் தழும்பு, நடுவில் புதிய மூக்கு.

அம்மனிதரின் பெயர் காவஸ்ஜி என்று கடிதம் கூறுகிறது. 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படையில் எருது ஓட்டியாக இருந்தவர். உழவர் குலத்து மராத்தியர். திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுபட்ட நிலையில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே பம்பாய்ப் படையை வந்தடைந்தார். பின்னர் கம்பெனியின் ஓய்வூதியம் பெற்றார். ஓராண்டுக்கும் மேலாக மூக்கின்றி வாழ்ந்த அவருக்கு, புணேக்கு அருகில், செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புதிய மூக்கைப் பொருத்தினார். பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபின்ட்லே என்னும் இரு ஆங்கில மருத்துவர்கள் இவ்வகை அறுவையை நேரில் கண்டதாகவும் கடிதம் சொல்கிறது. படத்துக்கு மூலமான ஓவியம் 1794 ஜனவரியில், அறுவைக்குப் பத்து மாதம் கழித்துத் தீட்டப்பட்டது என்ற குறிப்பிலிருந்து, அறுவை நடந்தது 1793 மார்ச் வாக்கில் எனக் கணிக்கலாம்.

'காவஸ்ஜி' பார்சிகளிடையே வழங்கும் பெயர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மராத்திய உழவரின் பெயர் ஆங்கிலச் செவியில் விழுந்து, ஆங்கில எழுத்தில் ஏறி, லண்டன் அச்சகம்வரை பயணம் செய்த வழியில் திரிந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம். அதே பக்கத்தில் ஃபின்ட்லேயின் பெயரே 'டிரின்ட்லே' என்று பிழையாக அச்சாகியிருக்கிறது.

இனி, அறுவை. கடிதத்தின் விவரிப்பை என் சொற்களில் தருகிறேன். முதலில் மெழுகைத் தகடாக்கி, அறுபட்ட மூக்கின் எச்சத்தின்மேல் வைத்து, நல்ல தோற்றமுடைய மூக்காக உருவமைக்கிறார் அந்தக் கைவினைஞர். பின்பு அம்மெழுகைத் தட்டையாக்கி நெற்றியில் பதித்து, அதைச் சுற்றிக் கோடு வரைகிறார். கோட்டுக்குள் அடங்கிய தோலை நெற்றியிலிருந்து உரித்தெடுக்கிறார். ஆனால் இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு பட்டையை மட்டும் அறுக்காமல் விடுகிறார். அடுத்து மூக்கெச்சத்தின் ஆறிய வடுவைச் சீவிப் புண்ணாக்குகிறார். அதற்குப் பின்னால், மேலுதடுவரை சுற்றி ஒரு கீறல். நெற்றித் தோலைக் கீழே கொண்டுவந்து, அரைவட்டம் முறுக்கி, அதன் விளிம்பை அந்தக் கீறலுக்குள் செருகுகிறார்.

தையல் கிடையாது. காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணிப்பட்டைகளில் தடவி, ஐந்தாறு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறார். நான்கு நாள் கழித்து அவற்றை அகற்றி, நெய்யில் நனைத்த துணி. முதல் ஐந்தாறு நாட்கள் நோயாளி மல்லாந்தே கிடக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துளைகள் மூடிவிடாதபடி மென்துணி செருகப்படுகிறது. ஏறத்தாழ 25ஆம் நாள், கண்களுக்கு நடுவே இணைப்பாக விட்ட பட்டையை அறுத்து, தோற்றத்தைச் செப்பம் செய்கிறார்.

கருவிகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள்: மெழுகு, துணி, காசுக்கட்டி, நெய், ஒரு கத்தி. அந்தக் கத்தியைப் பற்றியும் குறிப்பு உண்டு. லண்டன் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ பின்னாளில் திரட்டி வெளியிட்ட செய்திகளின்படி, அது ஒரு பழைய சவரக்கத்தி. தோலை உரிக்கும்போது அதன் வாய் அடிக்கடி மழுங்கியதால், மீண்டும் மீண்டும் தீட்ட வேண்டியிருந்தது. ஆங்கிலேயப் பார்வையாளரின் வியப்பு இங்கேதான் குவிகிறது: இவ்வளவு எளிய கருவியால் இவ்வளவு நுண்ணிய வேலையா?

இவ்வியப்பை நாமும் பெருமிதத்தோடு எதிரொலித்து வருகிறோம். வியப்பு தவறான இடத்தில் நிற்கிறது என்பது என் கருத்து. கடிதத்தில் சிந்திக்க வேண்டிய பகுதி சவரக்கத்தி அன்று. அறுக்காமல் விடப்பட்ட சிறு பட்டைதான். புதிய பகுதியும் பழைய பகுதியும் இணையும்வரை இரத்த ஓட்டத்தைக் காப்பது அப்பட்டையே என்று கடிதமே சொல்கிறது. தோலை ஓரிடத்திலிருந்து முற்றிலும் வெட்டியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், இவ்வளவு பெரிய தடித்த துண்டு பிழைக்காது. காம்பு அறாத இலைபோல் அது மூலத்தோடு இணைந்திருக்க வேண்டும். இன்றைய மருத்துவம் நெற்றித் தோல் மடலை எடுக்கும்போதும் கண்ணின் உள்முனைக்கு மேலே ஏறும் சிறு தமனியைக் காம்பிலேயே காக்கிறது. புணேயின் கைவினைஞர் அத்தமனிக்கு என்ன பெயரிட்டாரோ! அதன் இருப்பிடம் மட்டும் அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது அறிவு, ஆழம் பற்றியது. சவரக்கத்தி இடைவிடாமல் மழுங்கியது என்ற குறிப்பை நான் இவ்வாறு வாசிக்கிறேன்: கத்தி எலும்பை ஒட்டியே ஓடியிருக்கிறது. மேலாகச் சீவியிருந்தால் வேலை எளிதாகியிருக்கும், கத்தியும் அவ்வளவு மழுங்கியிராது. ஆனால் தோலை ஊட்டும் குழாய்கள் அறுபட்டு மடல் கறுத்துப்போயிருக்கும். மூன்றாவது அறிவு, காலம் பற்றியது. 25 நாட்கள் என்னும் கணக்கு ஏட்டிலிருந்து வந்திருக்க முடியாது. முன்னதாக அறுத்த மடல்கள் இறந்ததைக் கண்ட தலைமுறைகள் கொடுத்த எண் அது. இன்றும் இவ்வகை அறுவையில் காம்பை அறுக்க மூன்று வாரம் வாக்கில் காத்திருப்பது வழக்கம்.

டன்னலரைக் கையில் கொடுத்த இளம் மருத்துவர் சொன்னதும் இதுதான்: எந்த அடுக்கில் செல்வது, எவ்வளவு தோலை மேலே விடுவது, எதைத் தொடாமல் விடுவது. இவ்விரண்டு வேலைகளும் ஒன்றல்ல. ஒன்று தோலை இடம்பெயர்க்கிறது. மற்றது தோலுக்கடியில் ஒரு பொருளை நிறுத்துகிறது. இரண்டும் நம்பி நிற்கும் அறிவு ஒன்றே: தோல் என்பது வெறும் போர்வையன்று, அடியிலிருந்து ஊட்டப்படும் உயிருள்ள உறுப்பு. 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில், ஓக்கே செனிங் என்னும் அறுவை மருத்துவரும் ரூனே எல்ம்குவிஸ்ட் என்னும் பொறியாளரும் முதன்முதலாக ஒரு பேஸ்மேக்கரை மனித உடலுக்குள் முழுமையாகப் பொருத்தினார்கள். அக்கருவியின் பிசின் உறையை வார்க்க அச்சாக உதவியது ஒரு ஷூ பாலிஷ் டப்பா. அது சில மணி நேரமே இயங்கியது. புணேயின் சவரக்கத்தியையும் ஸ்டாக்ஹோமின் டப்பாவையும் அருகருகே வைத்தால், 'எளிய கருவி' என்னும் வியப்பு கீழைநாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்க நியாயமில்லை என்பது தெளிவாகும். புதிய அறுவை பிறக்கும் இடமெல்லாம் கைக்குக் கிடைத்த பொருளே கருவியாகிறது.

இப்போது நாம் செய்யும் முதல் பிழைக்கு வருகிறேன். 1793ஆம் ஆண்டு நிகழ்வைச் சொல்லும்போது, "சுசுருதர் காலந்தொட்டு மாறாமல் வந்த கலை" என்று ஒரே கோடாக இழுத்துவிடுகிறோம். சுசுருத சம்ஹிதையைத் திறந்து பார்த்தால் கோடு அவ்வளவு நேராக இல்லை. அந்நூலின் சூத்திரஸ்தானம் 16ஆம் அத்தியாயத்தில் மூக்கு அமைக்கும் முறை உண்மையாகவே இருக்கிறது. அறுபட்ட மூக்கின் அளவுக்கு ஓர் இலையை எடுத்து, அதன் அளவில் தோலைக் கன்னத்திலிருந்து எடுக்கச் சொல்கிறது, நெற்றியிலிருந்து அன்று. மூக்கு உயர்ந்து நிற்கவும் மூச்சு விடவும் இரண்டு குழல்கள், மேலே தூவ மருந்துப் பொடிகள், பஞ்சில் எள்ளெண்ணெய். புணேயில் இலைக்குப் பதில் மெழுகு, கன்னத்துக்குப் பதில் நெற்றி, பொடிக்குப் பதில் காசுக்கட்டி, எள்ளெண்ணெய்க்குப் பதில் நெய்.

வேறுபாடுகள் சிறியவை போலத் தோன்றலாம். அறுவை மருத்துவரிடம் கேட்டால், கன்னமும் நெற்றியும் இரு வேறு அறுவைகள் என்பார். நெற்றித் தோல் நிறத்திலும் தடிப்பிலும் மூக்குக்கு மிக நெருங்கியது. வேண்டிய அளவுக்குக் கிடைப்பது. அதன் காம்பு வலுவானது. ஆகவே ஏதோ ஒரு காலத்தில், யாரோ ஒருவர், கன்னத்தை விட்டு நெற்றிக்கு நகர்ந்திருக்கிறார். அந்த நகர்வு ஒரு கண்டுபிடிப்பு. "மாறாமல் வந்த மரபு" என்று சொல்லும்போதே, மாற்றியவர்களின் அறிவை நாம் அழித்துவிடுகிறோம். ஏடு கற்ற வைத்தியருக்குப் புகழைக் கொடுத்து, மண் பிசைந்த கைக்குரிய பங்கை மறைக்கிறோம்.

சுசுருத சம்ஹிதையின் மதிப்பை இது குறைக்கவில்லை. கருவிகளைப் பற்றிய அதன் சிந்தனை, நமது மொட்டைமுனைக் கம்பிக்கு மிக நெருக்கமானது. நூல் மொட்டைக் கருவிகள் 101 என்றும் கூர்க்கருவிகள் 20 என்றும் வகுக்கிறது. ஏஷணி என்று ஒரு துழாவுகோல்; மண்புழுவின் முகம்போல் உருண்ட முனையுடைய வகையும் உண்டு. புரையோடிய புண்ணின் பாதையைத் தேடிச் சென்று, கார மருந்து ஏற்றிய நூலை அவ்வழியே கொண்டுசெல்ல அது உதவுகிறது. மாணவன் எதில் பழக வேண்டும் என்பதையும் நூல் சொல்கிறது: வெட்டப் பழகுவது பூசணி, தர்ப்பூசணி போன்ற காய்களில், துழாவப் பழகுவது செல்லரித்த மரத்திலும் மூங்கிலிலும் காய்ந்த சுரைக்காயின் வாயிலும். செல்லரித்த மரத்தில் பாதை முன்பே இருக்கிறது. மாணவன் அதனைக் கண்டுகொள்ள வேண்டும், உண்டாக்கக் கூடாது. டன்னலர் ஏஷணியின் வழித்தோன்றல் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்லச் சான்றில்லை. ஒரே உடல், ஒரே இடையூறு; ஆகவே ஒரேவகை விடை.

அப்படியானால் நெற்றி மடல் எங்கே, ஏன் வளர்ந்தது? இங்கே தமிழ் வாசகருக்கு அறிமுகமான ஒரு கொடிய வரலாறு உதவுகிறது. 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், திருமலை நாயக்கர் ஆட்சியின் இறுதிக்காலத்தில், மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. சேதுபதியின் துணையோடு திரண்ட மதுரைப் படை மைசூர்வரை துரத்திச் சென்று, பதிலுக்கு அதையே செய்தது. மூக்கறு போர் என்று வழங்கப்படுவது இதுவே. அந்நூற்றாண்டின் இறுதியில், இத்தாலியிலிருந்து வந்து சென்னையில் குடியேறி வாழ்ந்த மனுச்சி, தக்காணப் போர்களில் மூக்கறுபட்டவர்களைப் பற்றித் தம் நூலில் எழுதும்போது, உள்நாட்டு மருத்துவர்கள் புருவத்துக்கு மேலுள்ள நெற்றித் தோலை அறுத்துக் கீழே இறக்கி, முறுக்கி, குறையுடைய மூக்குகளை அமைப்பதையும் பதிவு செய்திருக்கிறார். காவஸ்ஜிக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தைய சான்று இது.

போர்க்களத்தில் மட்டுமல்ல, குற்றத்துக்குத் தண்டனையாகவும், குடும்பத்துக்குள் பெண்கள்மீது ஏவப்பட்ட வன்முறையாகவும் மூக்கறுப்பு இந்நாட்டில் நீடித்தது. ஜூனாகட்டில் பணியாற்றிய திரிபோவன்தாஸ் மோதிசந்த் ஷா என்னும் மருத்துவர், நூற்றுக்கும் மேற்பட்ட மூக்கமைப்பு அறுவைகளின் அனுபவத்தை 1889இல் நூலாக வெளியிட்டார் என்பதே, அக்கொடுமை எவ்வளவு காலம் தொடர்ந்தது என்பதற்குச் சான்று. அறுவைக் கலையின் இந்தச் சிறப்பை நாம் கொண்டாடும்போது, அதனை வளர்த்தது அறுபட்ட மூக்குகளின் எண்ணிக்கை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 25 நாள் என்னும் கணக்குக்குப் பின்னால் எத்தனை முகங்கள் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது பிழை, பெயர்களைப் பற்றியது. இந்நிகழ்வில் யாருக்கெல்லாம் பெயர் இருக்கிறது? சிறைப்பிடித்த அரசருக்கு இருக்கிறது. நோயாளிக்கு, திரிந்ததாயினும், ஒரு பெயர் இருக்கிறது. பார்த்து நின்ற இரு ஆங்கில மருத்துவர்களுக்கும் இருக்கிறது. ஓவியம் தீட்டிய ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் வேல்ஸுக்கு இருக்கிறது. புணே தர்பாரில் கம்பெனியின் ரெசிடென்டாக இருந்த சார்லஸ் மாலெட்டுக்கும் இருக்கிறது. கத்தியைப் பிடித்தவருக்கு மட்டும் இல்லை; அவருக்குச் சாதி மட்டுமே இருக்கிறது. செங்கல் அறுப்பவர் என்கிறது கடிதம். கார்ப்யூ எழுதிக் கேட்டபோது மாலெட் தந்த விடை, இது தொன்றுதொட்டு நடப்பது, எப்போதும் குயவர் அல்லது செங்கல் அறுப்போர் சாதியினரே செய்வது, எல்லா வேளையும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் வெற்றி பெறுவது என்பதாகும்.

"அக்காலத்தில் கைவினைஞர்களின் பெயரை யார் எழுதினார்கள்?" என்று கேட்கலாம். அதே ஆண்டுகளில், அதே புணேயில், அதே மனிதர்கள் எழுதியிருக்கிறார்கள் என்பதே விடை. மாலெட்டின் ஆதரவில், வேல்ஸின் மேற்பார்வையில், சனிவார்வாடா அரண்மனையில் ஓர் ஓவியப் பள்ளி நடந்தது. அங்கே பயின்றவர்களில் ஒருவர் கங்காராம் தாம்பட். தாம்பட் என்பது மராத்தியில் செம்புக் கொல்லரைக் குறிக்கும் சொல். எல்லோராக் குகைகளையும் பேஷ்வாவின் விலங்குகளையும் துறவியரையும் அவர் வரைந்த படங்கள் இன்று யேல் பல்கலைக்கழகத்தின் பிரித்தானியக் கலை மையத்தில் அவர் பெயரோடு இருக்கின்றன. ஆகவே செம்புக் கொல்லர் மரபினருக்கு ஓவியராகப் பெயர் கிடைத்தது. குயவர் மரபினருக்கு அறுவை மருத்துவராகப் பெயர் கிடைக்கவில்லை. ஓவியர் மாலெட்டுக்காக வேலை செய்தார். அவருடைய கையொப்பத்துக்கு ஒரு பயன் இருந்தது. அறுவை செய்தவர் காட்சிப்பொருளாக மட்டுமே இருந்தார். பெயரின்மை தற்செயலன்று, யாருடைய வேலையை யார் வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது.

படத்துக்கும் ஒரு பயன் இருந்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, பாரமகாலும் திண்டுக்கல்லும் மலபாரும் கம்பெனியின் கைக்குப் போயின. திப்புவைக் கொடுங்கோலராகக் காட்டும் எந்தச் சான்றுக்கும் லண்டனில் வாசகர் இருந்தார்கள். அறுபட்ட மூக்கும் கம்பெனி ஓய்வூதியமும் ஒரே பத்தியில் வருவது இச்சூழலில்தான். காவஸ்ஜிக்கு நேர்ந்தது பொய் என்று இதற்குப் பொருளன்று; அவருடைய முகம் ஏன் அச்சேறியது என்பதற்கு மருத்துவ ஆர்வம் ஒன்றே காரணமாகாது.

அச்சேறிய பின் நடந்தது நாம் அறிந்ததே. கடிதம் வெளிவந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1814 அக்டோபர் 23 அன்று, லண்டன் செல்சியில் கார்ப்யூ நெற்றி மடலால் ஒரு மூக்கை அமைத்தார். நோயாளி, கல்லீரல் நோய்க்கு உட்கொண்ட பாதரச மருந்தால் மூக்கை இழந்த ஓர் இராணுவ அதிகாரி. அடுத்தவர், ஸ்பெயினில் ஆல்புயேராப் போரில் வெட்டுப்பட்ட அதிகாரி. இரு அறுவைகளின் விவரத்தை 1816இல் கார்ப்யூ நூலாக வெளியிட்டார். சென்னையில் லூக்காஸ் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், இந்திய மருத்துவர்களிடம் கற்ற இம்முறையைப் பலமுறை வெற்றியோடு செய்தார் என்னும் செய்தியும் அந்நூலில் உண்டு. 1818இல் பெர்லினில் கிரேஃபே என்பவர் மூக்கமைப்பு பற்றி எழுதிய நூல் ஐரோப்பா முழுவதும் இதனைப் பரப்பியது. முறைக்கு 'இந்திய முறை' என்று பெயரும் நிலைத்தது. ஒரு நாட்டின் பெயர் ஒரு மனிதரின் பெயருக்குப் பதிலாக வந்து அமர்ந்துகொண்டது. அந்த நாட்டுப் பெயரை நாமும் மகிழ்ச்சியோடு ஏற்று, தேடலை அங்கேயே நிறுத்திவிட்டோம்.

தேடலைத் தொடர வழி இருக்கிறது என்று நம்புகிறேன். புணே ஆவணக் காப்பகத்தில் பேஷ்வா தஃப்தர் என்னும் பெருந்திரள் ஆவணங்கள் உள்ளன; பெரும்பகுதி மோடி எழுத்தில். மருத்துவ வரலாறு எழுதுவோர் ஆங்கிலக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் அளவுக்கு, அந்தக் கட்டுகளை அவிழ்த்ததில்லை. மோடி எழுத்து நமக்கு அந்நியமானதும் அன்று. தஞ்சை மராத்தியரின் ஆவணங்கள் அதே எழுத்தில்தான் உள்ளன. இரண்டாம் சரபோசியின் காலத்தில், 1798க்கும் 1832க்கும் இடையே, தஞ்சையில் கண் நோயாளிகளின் விவரங்கள் அவர்களுடைய கண்களின் வண்ணப் படங்களோடு பதிவு செய்யப்பட்டன என்பதை நினைவில் கொள்ளுங்கள். மராத்திய அரசவை ஒன்றுக்கு நோயாளியையும் சிகிச்சையையும் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது என்பதற்கு அது சான்று. புணேயின் இனாம் பதிவுகளிலோ, செலவுக் கணக்குகளிலோ, மூக்கு அமைத்த ஒரு கும்பாருக்குத் தந்த கூலி ஒரு வரியாகக் கிடக்கக்கூடும். கிடக்காமலும் போகலாம். தேடாமல் எதையும் சொல்ல இயலாது.

ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, மோடி எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றது, 'தொன்றுதொட்டு' என்னும் சொல்லை எங்கே கண்டாலும் அங்கே நின்று, யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

புணேயிலிருந்து கிளம்பும் நாளில் கஸ்பா பேட்டைப் பகுதியில் கும்பார் வேஸ் பக்கமாக நடந்தேன். காவஸ்ஜிக்கு மூக்கு அமைத்தவர் அங்கே வாழ்ந்தார் என்று ஆவணம் எதுவும் சொல்லவில்லை. 'புணேக்கு அருகில்' என்பதே நம்மிடமுள்ள முகவரி. நடக்கையில், பயிலரங்கில் அந்தக் கம்பியைத் திருப்பிக் கொடுத்தபோது கண்ணில் பட்டது நினைவுக்கு வந்தது. கைப்பிடியில் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. கருவிக்கு இன்று இவ்வளவு துல்லியமான பெயர் இருக்கிறது. தோலின் அடுக்கை முதலில் அறிந்த கைகளில் ஒன்றுக்காவது ஒரு பெயரைத் தேடித் தருவது, மருத்துவ வரலாறு படிக்கும் நம் கடமை.